வாரத்துக்கு ஐந்து மணி நேரம்: உலகப் போர் ஷூட்டர்களில் எந்த சீசன் பரிசைத் துரத்தலாம்?

சீசன் தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. நண்பன் மெசேஜ் அனுப்பினான்: "டேய், இந்த சீசனுக்கு பாஸ் வாங்கட்டுமா, இல்ல ஃப்ரீயா வர்றதை மட்டும் எடுத்துக்கட்டுமா? வாரத்துக்கு அஞ்சு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்குது." ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். ஆனால் உலகப் போர் ஷூட்டர்களை, அதாவது உலகப் போரை வைத்து எடுத்த துப்பாக்கிச் சண்டை வீடியோ கேம்களை, பல வருடமாக ஆடுகிறேன். சில பரிசுகளை ஆசையாகத் துரத்தியிருக்கிறேன். சிலவற்றால் ஆட்டமே வெறுத்துப்போய் விலகியிருந்து, அப்புறம் திரும்பி வந்திருக்கிறேன். அவனுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

இந்த விளையாட்டுகளில் சில வாரம் ஓடும் ஒவ்வொரு சுற்றுக்கும் சீசன் என்று பெயர். பரிசு நாலு வழியில் வருகிறது. வாரா வாரம் டாஸ்க் முடித்தால் வருவது ஒன்று. காசு கொடுத்து அந்த சீசனுக்கான பாஸ் வாங்கி லெவல் ஏற ஏற வருவது இன்னொன்று. பெட்டியைத் திறந்தால் அதிர்ஷ்டப்படி வருவது மூன்றாவது. சீசன் என்ற பேச்சே இல்லாமல், ஆட ஆடத் தானாகத் திறந்துகொண்டு போவது நாலாவது. எது நல்லது என்று பார்க்க நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டுக்கொள்வேன்: அந்தப் பரிசு கைக்கு வரும் முன்பான இருபது, முப்பது மணி நேரத்தில் அது என்னை எப்படி ஆட வைக்கிறது? பரிசை வைத்துக்கொண்டு ஆடும் நேரத்தைவிட அதைத் துரத்தி ஆடும் நேரம்தான் பெரும்பாலும் அதிகம்.

முதலில் வார டாஸ்க். இதற்கு நல்ல உதாரணம் 2018 நவம்பரில் வந்த பேட்டில்ஃபீல்டு 5. அதற்கு முந்தைய பேட்டில்ஃபீல்டு 1 முதல் உலகப் போரை வைத்து எடுத்தது. அதில் பிரீமியம் பாஸ் என்று ஒன்று உண்டு. நாலு பெரிய விரிவாக்கங்கள் அதற்குள் அடக்கம். வாங்கியவர்கள் புது மேப்பில் (சண்டை நடக்கும் களம்), வாங்காதவர்கள் பழைய மேப்பில் என்று ஆட்டக்காரர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நல்ல மேப் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிவிட்டு, அதில் ஆட ஆள் கிடைக்காமல் காத்திருந்தவர்களுக்கு அந்த வலி தெரியும். அதனால் 5-இல், அதை உருவாக்கிய டைஸ் நிறுவனம் அந்த முறையையே எடுத்துவிட்டது. மேப் எல்லாருக்கும் இலவசம். டைட்ஸ் ஆஃப் வார் என்ற பெயரில் அத்தியாயம் அத்தியாயமாகப் போரை நகர்த்தினார்கள். வாரா வாரம் டாஸ்க், முடித்தால் துப்பாக்கியோ உடையோ பரிசு.

ஆரம்பத்தில் இதற்குக் கிடைத்த வரவேற்பு நியாயமானது. காசு கேட்கவில்லை, நண்பர்களைப் பிரிக்கவில்லை. ஒரு வாரம் தவறவிட்டால் அந்தத் துப்பாக்கியைப் பின்னால் கம்பெனி காயின் கொடுத்து வாங்கிக்கொள்ளவும் வழி இருந்தது. ஆடிச் சேர்த்த காயின்தான் அது. இந்த ஒரு ஏற்பாட்டை நான் ரொம்பவே மதிக்கிறேன். பரீட்சை, காய்ச்சல், ஊர்ப் பயணம் என்று ஒரு வாரம் உள்ளே வர முடியாதவனைத் தண்டிக்காத ஏற்பாடு அது.

பிரச்சினை எங்கே என்றால், டாஸ்க் என்ன கேட்கிறது என்பதில். வேறொரு விளையாட்டில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த வார டாஸ்க், பிஸ்டலால் 20 பேரைச் சுட வேண்டும். நான் 17-இல் நிற்கிறேன். வாரம் முடிய 40 நிமிடம். மேப்பில் ஒரு சின்னக் கிராமம், நடுவில் சர்ச், அங்கேதான் பிடிக்க வேண்டிய கொடி. எங்கள் ஸ்குவாடில் (சிறு குழுவில்) நான் மெடிக், விழுந்தவர்களை எழுப்புவது என் வேலை. கையில் ஸ்மோக் கிரனேடு, அதாவது புகைக் குண்டு, இரண்டு இருக்கிறது. ஸ்குவாட் லீடர் மைக்கில் கத்துகிறார்: "ஸ்மோக் போடுங்க, ரோடைத் தாண்டணும், ஸ்மோக்!" நானோ பக்கத்து வீட்டு மாடிப்படிக்குக் கீழே பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறேன், எவனாவது கதவைத் திறந்து வருவான் என்று. ஜன்னல் வழியாகப் பார்த்தால் ரோட்டில் எங்கள் ஆட்கள் மூன்று பேர் விழுந்து கிடக்கிறார்கள். மேலே மாடியில் காலடிச் சத்தம். எங்கள் டீம் ஆள்தான். அவனும் பிஸ்டலோடு காத்திருக்கிறான். எதிரிப் பக்கமும் அப்படித்தான். ஊர் முழுக்க வீட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்கள், கொடிக்குப் பக்கத்தில் யாருமில்லை. அந்த ரவுண்டு தோற்றோம். டாஸ்க் முடிந்தது, துப்பாக்கி வந்தது. இரண்டு வாரத்துக்குப் பிறகு அதை நான் எடுக்கவே இல்லை. ஆனால் ரோட்டில் விழுந்து கிடந்த அந்த மூன்று பேர் இன்னும் நினைவில் இருக்கிறார்கள். ஓடிப்போய் எழுப்பியிருக்க வேண்டியவன் நான்.

1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள குழந்தைகள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது பிரிவுக்கு ஒன்றுமே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், சொல்லிவைத்துப் பரிசு வாங்கிய குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் பரிசு வாங்கியவர்களுக்கு ஆசை குறையவில்லை. அந்தச் சான்றிதழின் பெயர் என்ன தெரியுமா? 'நல்ல ஆட்டக்காரர்' விருது. சீசன் முடிந்த மறுநாள் சர்வர் காலியாகக் கிடப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குழந்தைகள் ஞாபகம் வரும்.

அதற்காக வார டாஸ்க்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. விழுந்தவனை எழுப்பு, கொடியைப் பிடி, தோட்டா கொடு, டாங்கியைப் பழுது பார் என்று கேட்கும் டாஸ்க்குகள் அருமையானவை. அந்த வாரம் சர்வர் முழுக்க மெடிக் ஓடிக்கொண்டிருப்பார். தோட்டா தீர்ந்தது என்று யாரும் தவிக்க மாட்டார்கள். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒரு டீமாக ஆடுவார்கள். ஆகவே வாரம் தொடங்கும்போது பட்டியலை ஒரு தடவை வாசியுங்கள். நீங்கள் எப்படியும் செய்யும் வேலையை டாஸ்க் கேட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். செய்யாத வேலையைக் கேட்டால் அந்த வாரத்தை விட்டுவிடுங்கள்.

சரி, பாஸுக்கு வருவோம். இந்த யோசனை பிரபலமானது 2013-இல் டோட்டா 2 என்ற விளையாட்டு தன் பெரிய போட்டிக்காக விற்ற காம்பென்டியம் என்ற டிஜிட்டல் கையேட்டிலிருந்து. பிறகு ஃபோர்ட்நைட் அதை ஊரறிய வைத்தது. அங்கிருந்து உலகப் போர் விளையாட்டுகளுக்கும் வந்தது. 2021 நவம்பரில் வந்த கால் ஆஃப் டியூட்டி வான்கார்டில் ஒரு சீசனுக்கு 100 படி. பாஸ் வாங்க 1000 பாயிண்ட் (காசு கொடுத்து வாங்கும் விளையாட்டு நாணயம்). கடைசிவரை ஏறிவிட்டால் அடுத்த பாஸ் வாங்கத் தேவையான பாயிண்டே திரும்பி வந்துவிட்டது. கேட்க நல்ல பேரமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'கடைசிவரை ஏறிவிட்டால்' என்ற அந்த வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

நண்பனுக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஒரு படி ஏற சராசரியாக முக்கால் மணி நேரம் ஆகிறது என்று வையுங்கள். 100 படிக்கு 75 மணி நேரம். சீசன் பத்து வாரம் என்றால் வாரத்துக்கு ஏழரை மணி நேரம் வேண்டும். அவனுக்கு இருப்பது ஐந்து. மொத்தம் 50 மணி நேரம், 66-ஆம் படியில் நின்றுவிடுவான். அவன் ஆசைப்படும் ரைஃபிள் 85-இல் இருந்தால்? கடைசி இரண்டு வாரம் தூக்கத்தைக் குறைத்து ஆடுவான், இல்லாவிட்டால் மீதிப் படிகளைக் காசு கொடுத்துத் தாண்டுவான். முதல் நாள் வாங்கியது ஒரு பாஸ். கடைசியில் கொடுத்தது அதைவிட அதிகம். உங்கள் விளையாட்டில் ஒரு படிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று மூன்று நாள் ஆடிப் பார்த்து, அந்த எண்ணை வைத்து இதே கணக்கைப் போடுங்கள். பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிடும்.

பாதியில் விட முடியாததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நூனஸ், டிரெஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட சோதனை இது. கார் கழுவும் இடத்தில் வாடிக்கையாளர்களுக்கு முத்திரை அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டு கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்குப் பத்து கட்டம், அதில் இரண்டில் முன்பே முத்திரை குத்தியிருந்தது. இருவருக்கும் தேவை எட்டு முத்திரைதான். ஆனால் காலி அட்டை வாங்கியவர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், இரண்டு முத்திரையோடு வாங்கியவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். பாஸைத் திறந்த உடனே 'உங்களுக்கு ஐந்து படி இலவசம்' என்று பட்டை கொஞ்சம் நிறைந்து நிற்கிறதே, அது இந்த முத்திரைதான்.

பாஸிலும் நல்ல பாஸ் உண்டு. ஹேலோ இன்ஃபினிட் (வரலாற்று விளையாட்டு இல்லை, இருந்தாலும் சொல்ல வேண்டும்) 2021-இல் வந்தபோது, வாங்கிய பாஸ் காலாவதியே ஆகாது என்று வைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வந்தும் விட்ட படியிலிருந்து ஏறலாம். இதை எல்லா உலகப் போர் விளையாட்டும் அப்படியே எடுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஐந்து மணி நேரக்காரனுக்கு இதைவிட மரியாதையான ஏற்பாடு இல்லை.

எவ்வளவு நல்ல பாஸானாலும், அதில் துப்பாக்கி இருக்கிறதா, உடை மட்டும்தானா என்று பாருங்கள். ஆட்டக்காரர்களிடையே மிகச் சூடான சண்டை இதில்தான். உடை மட்டும் என்றால் வாங்காதவனுக்கு நஷ்டமில்லை. புதுத் துப்பாக்கி காசு கொடுத்தவனுக்கு மட்டும் என்றால் அவன் சுட்டு நான் விழும்போதெல்லாம் சந்தேகம் வரும், நான் சரியாக ஆடாததால் விழுந்தேனா, அவன் வாங்கியதால் விழுந்தேனா என்று. அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் ஆட்டத்தின் சுவை போய்விடும். துப்பாக்கி, பாஸ் வாங்காதவருக்கும் கிடைக்கும் இலவச வரிசையில் இருக்க வேண்டும், அதுவும் ஆரம்பப் படிகளில். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

பெட்டியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 2017-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி டபிள்யூடபிள்யூ2-வில் சப்ளை டிராப் என்ற பெட்டி வானத்திலிருந்து நார்மண்டிக் கடற்கரையில் வந்து விழும். ஆட்டக்காரர் அதைத் திறப்பதைச் சுற்றி நிற்பவர்கள் பார்க்கலாம். மற்ற மூன்று பேர் பெட்டி திறப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்பதையே ஒரு டாஸ்க்காகவும் கொடுத்தார்கள். எத்தனை பேர் உயிரைவிட்ட கடற்கரை அது. அங்கே இதைச் செய்திருக்க வேண்டாம். 2018 ஏப்ரலில் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் வேறு சில விளையாட்டுகளின் லூட் பாக்ஸ் (இதே மாதிரி அதிர்ஷ்டப் பெட்டி) சட்டவிரோதச் சூதாட்டம் என்று அறிவித்தது. அந்த ஆகஸ்டு இறுதியில் இந்த விளையாட்டின் சப்ளை டிராப்பும் அந்த நாட்டில் நிறுத்தப்பட்டது. காசு கொடுத்துப் பெட்டி வாங்காதீர்கள். ஆடும்போது சும்மா கிடைத்தால் திறங்கள், அவ்வளவுதான்.

வரலாற்று விளையாட்டுக்கு மட்டுமே உள்ள ஒரு தலைவலியை இங்கே சொல்லியாக வேண்டும். கற்பனை உலகத்து விளையாட்டில் எதையும் பரிசாகக் கொடுக்கலாம். 1944-இல் நடக்கும் விளையாட்டில் உடை எத்தனை விதம் இருக்க முடியும்? சாம்பல், ஆலிவ் பச்சை, காக்கி, பனிக்கு ஒரு வெள்ளை. சீசனுக்குச் சீசன் விற்க இது போதாது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லை நகர்கிறது. 2022-இல் வான்கார்டில் ராப் பாடகர் ஸ்னூப் டாக் நாம் எடுத்து ஆடக்கூடிய பாத்திரமாக வந்தார். அதற்கு முன்பே அனிமே (ஜப்பானியக் கார்ட்டூன்) உடையில் ஒருவர் வந்துவிட்டார். ரசித்தவர்களும் இருந்தார்கள், அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் நான் இந்த விளையாட்டுக்கு வருவது அந்தக் காலத்து மண்ணில் நிற்பதற்காக. கல் வீடும் பனியும் புகையுமாக இருக்கும் தெருவில் பளபளக்கும் உடையோடு ஒருவர் ஓடினால், எனக்கு அந்தத் தெரு மறைந்து விளையாட்டுக் கம்பெனியின் கடைதான் தெரிகிறது.

இதற்கு நேர் எதிராக, ஒரு பரிசு வரலாற்றையே கையில் கொடுத்த தருணமும் உண்டு. 2019 அக்டோபரில் பேட்டில்ஃபீல்டு 5-இல் பசிபிக் அத்தியாயம் வந்தது. இவோ ஜிமா மேப்போடு எம்1 கராண்ட் ரைஃபிளும் வந்தது. விளையாட்டு வந்து ஏறக்குறைய ஒரு வருடமாக ஆட்டக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தது. அமெரிக்க ராணுவம் 1936-இல் ஏற்றுக்கொண்ட துப்பாக்கி இது. எட்டுத் தோட்டாவை ஒரு உலோகக் கிளிப்பில் கோத்து மேலிருந்து அழுத்திச் செருக வேண்டும். எட்டாவது தோட்டா போனதும் காலிக் கிளிப் 'டிங்' என்று துள்ளி வெளியே விழும். முதல் நாள் அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்துக்கு எந்தத் தங்க நிற ஸ்கின்னும் (அலங்காரத் தோற்றம்) ஈடாகாது. அப்புறம் என் ஆட்டமே மாறியது. ஒன்று, இரண்டு என்று தோட்டாவை மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். ஆறாவதில் சுவரோரம் ஒதுங்குவேன், மீதி இரண்டையும் சுட்டுவிட்டுப் புதுக் கிளிப் போடுவேன். போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளோடு எதிரே வருபவர் ஒவ்வொரு முறை சுட்டதும் கையால் போல்ட்டை இழுத்தாக வேண்டும். எனக்கு அது தேவையில்லை. அந்த வித்தியாசம் பசிபிக் தீவுகளில் என்ன செய்திருக்கும் என்று விரலுக்குப் புரிந்தது.

பேட்டில்ஃபீல்டு 1-இல் கோடெக்ஸ் என்று ஒன்று இருந்தது. ஏதாவது சாதனை செய்தால் அந்தப் போரைப் பற்றியோ ஆயுதத்தைப் பற்றியோ உண்மை வரலாறு இரண்டு பத்தி திறக்கும். பரிசு அவ்வளவுதான். யாரும் அதற்காகச் சண்டை போடவில்லை, யாரும் அதை விற்கவும் இல்லை. அடுத்த ரவுண்டு தொடங்கும் வரை அதைப் படித்துக்கொண்டிருப்பேன்.

நாலாவது வழி, சீசன் இல்லாத ஏணி. 2021 ஜூலையில் முழுமையாக வெளியான ஹெல் லெட் லூஸ் இதற்கு உதாரணம். ஒரு பக்கம் 50 பேர், இன்னொரு பக்கம் 50 பேர். எந்த ரோலை ஆடுகிறோமோ அந்த ரோல் லெவல் ஏறும், அதற்கான கருவிகள் திறக்கும். மெடிக்காக ஆடினால் மெடிக், எஞ்சினியராக ஆடினால் எஞ்சினியர். நீங்கள் டீமுக்காகச் செய்யும் வேலைதான் ஏணி. இதில் மாடிப்படிக்குக் கீழே ஒளிய வேண்டிய அவசியமே வராது. குறை என்றால், வேகம் குறைவு. புதிதாக வருபவர்களுக்கு முதல் இருபது மணி நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் விலகிப் போகிறார்கள்.

இன்னொன்றையும் மனதில் வைக்கச் சொல்லி நண்பனிடம் சொன்னேன். ஹீரோஸ் அண்ட் ஜெனரல்ஸ் என்ற இலவச உலகப் போர் ஷூட்டர் 2023 மே மாதம் சர்வரை நிறுத்தியது. ஆட்டக்காரர்கள் வருடக்கணக்கில் ஏற்றிய வீரர்கள், வாங்கிய ஆயுதங்கள், ரிப்பன்கள் எல்லாம் அன்றோடு போயின. பேட்டில்ஃபீல்டு 5-க்கும் 2020 ஜூனில் கடைசிப் பெரிய அப்டேட் வந்து அத்தியாயங்கள் நின்றன. சோவியத் போர்முனை வரும் என்று காத்திருந்தவர்கள் ஏமாந்தார்கள். சர்வர் நிற்கும் நாளில் ஸ்கின் நம்மோடு வராது. தோட்டா எண்ணும் பழக்கம் வரும், கோடெக்ஸில் படித்தது வரும், சேர்ந்து ஆடிய நாலு பேரின் நட்பும் வரும்.

இதையெல்லாம் வைத்து நண்பனுக்கு நான் சொன்னது இதுதான். இன்று பாஸ் வாங்காதே. உன் விளையாட்டில் பாஸை எப்போது வாங்கினாலும் அதுவரை ஏறிய படிகளின் பரிசு மொத்தமாகக் கிடைக்குமா என்று பார். பெரும்பாலான பாஸ்கள் அப்படித்தான். கிடைக்கும் என்றால் சீசன் முடிய ஒரு வாரம் இருக்கும்வரை இலவச வரிசையிலேயே ஆடு. அன்றைக்கு நீ நிற்கும் படிக்குக் கீழே உனக்குப் பிடித்தது இருந்தால் வாங்கு, இல்லாவிட்டால் விடு. வார டாஸ்க்கில் மெடிக் வேலை, கொடி வேலை வந்தால் எடு. துப்பாக்கியைத் தவறவிட்டால் பதறாதே, பின்னால் ஆடிச் சேர்த்த காசில் வாங்க வழி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்.

தினமும் இரண்டு மணி நேரம் ஆடுபவர் கேட்டிருந்தால் என் பதில் வேறு. அவர் எப்படியும் 100-ஐத் தொடுவார், முதல் நாளே வாங்கட்டும். ஸ்குவாட் லீடராக இருப்பவருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ரவுண்டு தொடங்கும் முன் யாருக்கு என்ன டாஸ்க் என்று கேட்டுவிடுங்கள். பிஸ்டல் டாஸ்க் உள்ளவனை சர்ச்சுக்குள் அனுப்புங்கள், கொடியும் அங்கேதான் இருக்கிறது, கதவும் அங்கேதான் இருக்கிறது. அவன் ஸ்மோக்கை மட்டும் முதலில் ரோட்டில் போடச் சொல்லுங்கள்.